உளூவில் வஸ்வாஸும் கைப்பேசிச் செயலிகளும்



உளூச் செய்து முடித்த பின்னும், முழங்கையில் நீர் படவில்லையோ என்று ஐயுற்று மீண்டும் மீண்டும் ஹவ்ளுக்கே திரும்புகிறவர் உங்கள் இல்லத்திலும் இருக்கக்கூடும். ஈமான் குறைந்தவர் என அவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ அவர்களே இத்தகைய ஓயாத எண்ணங்களை உள நோயாக விவரித்துள்ளார்கள்.

"ஹஜ்ரத், என் உளூ கூடியதா?" என்று ஓர் இளைஞர் அன்றாடம் தொலைபேசியில் கேட்பார். "கூடிவிட்டது" என்பேன். ஆறுதல் அளிப்பதாக எண்ணினேன். நோயை அல்லவா வளர்த்திருக்கிறேன்!

இந்நோய்க்கென இன்று கைப்பேசிச் செயலிகள் உள்ளன. அவற்றுள் பயன்தருபவை ஆறுதல் கூறுவதில்லை. மீண்டும் கழுவத் தோன்றும் நேரத்தைக் குறிக்கச் செய்து, ஐந்து நிமிடம், பிறகு பத்து நிமிடம் எனத் தள்ளிப்போடப் பழக்குகின்றன. கழுவாமலேயே பதற்றம் மெல்லத் தணிவதை அவர் காண்கிறார். காற்றுப் பிரிந்ததோ என்ற ஐயம் தொழுகையில் எழுந்தால், சப்தமோ வாடையோ உணரும்வரை தொழுகையை விட்டு விலகலாகாது என நபி (ஸல்) அவர்கள் பணித்ததும் இவ்வழிதானே!

ஆனால், செயலியையே ஓயாமல் திறந்து பார்ப்பதும், ஒரே மஸ்அலாவுக்கு இணையத்தில் பத்து ஃபத்வாக்கள் தேடுவதும் அதே வஸ்வாஸ்தான். நோய் முற்றியவருக்குச் செயலி போதாது. மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 2022இல் நமது நாட்டில் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைக்கலாம்.

அந்த இளைஞருக்கு இப்போதெல்லாம் நான் பதில் சொல்வதில்லை. "ஜமாஅத்துக்கு நேரமாகிவிட்டது, வாருங்கள் தம்பி" என்று மட்டும் கூறுகிறேன்.