பொங்கல் நன்றியும் நால்வகைத் தானமும்

(தருமபுரியில் பொங்கலையொட்டி நடைபெற்ற குடும்பக் கூடுகையில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு பொங்கலன்று எங்கள் இல்லத்து அடுப்பில் பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று அனைவரும் கூவினோம். அருகில் நின்ற என் பெயர்த்தி, "தாத்தா, இது நன்றி சொல்லும் பண்டிகை என்று பள்ளியில் சொன்னார்கள். இப்போது நாம் யாருக்கு நன்றி சொன்னோம்?" என்று கேட்டாள். எனக்கு விடை வரவில்லை. அரிசி கடையிலிருந்து வந்தது. பால் பாக்கெட்டில் வந்தது. வந்தவாசிப் பக்கம் எங்கள் முன்னோர் பயிரிட்ட நிலத்தை நாங்கள் விற்று இருபது ஆண்டுகள் ஆகின்றன. பிழைப்பின் பொருட்டு இவ்வூருக்கு வந்த எங்களுக்குப் பொங்கல் ஒரு வேளை விருந்தாகச் சுருங்கிவிட்டது. உங்களில் சிலருடைய நிலையும் இதுவாகவே இருக்கக் கூடும்.

அக்குழந்தையின் வினாவிற்கு விடை தேடியபோது, நமக்கு வாழ்வளித்த இந்தத் தகடூர் மண்ணே மூன்று செய்திகளை எனக்கு நினைவூட்டியது.

முதலாவது, அனைவரும் அறிந்தது. தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவ்வையாருக்கு ஈந்தான். அவர் நன்றி பெருகி வாழ்த்திய வாழ்த்து புறநானூற்றில் இருக்கிறது. கனி ஒரு நொடியில் உண்ணப்பட்டது. இன்றளவும் நாம் பேசுவது அதனை விட்டுக்கொடுத்த உள்ளத்தைப் பற்றியே.

இரண்டாவது, நம் சமயத்தவர் பலரும் அறியாதது. சகம் 815, அதாவது கி.பி. 893ஆம் ஆண்டைச் சேர்ந்த தருமபுரிக் கல்வெட்டொன்று, நிதியண்ணன், சண்டியண்ணன் என்னும் இருவர் தகடூரில் ஒரு சமணப் பள்ளியை எழுப்பியதைக் கூறுகிறது. நொளம்ப மன்னன் மகேந்திரனிடமிருந்து நிதியண்ணன் ஓர் ஊரைக் கொடையாகப் பெற்றான். பெற்ற ஊரைத் தனக்கென வைத்துக்கொள்ளாமல், அப்பள்ளியின் பராமரிப்பிற்கும் வழிபாட்டிற்குமாகக் கனகசேன சித்தாந்த பட்டாரரிடம் ஒப்படைத்தான்.

மூன்றாவது, நாம் யாத்திரை செல்லும் போளூர்த் திருமலையில் உள்ளது. எழினி என்னும் சேர மரபினன் அங்கே செய்வித்த இயக்கன், இயக்கி உருவங்கள் காலப்போக்கில் சிதைந்தன. தகடூர்த் தலைவனாகிய விடுகாதழகிய பெருமாள் அவற்றைச் செப்பனிட்டு, எறிமணியும் அளித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. முன்னோர் செய்த அறத்தைப் பழுது நீக்கிக் காப்பதும் அவர்களுக்குச் செலுத்தும் நன்றியே.

இம்மூவரும் தமக்குக் கிடைத்ததைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. நன்றி என்பது பெற்றதை அடுத்தவர் கைக்குச் சேர்ப்பது என்று இவர்கள் வாழ்விலிருந்து நான் அறிந்துகொண்டேன். அவ்வாறு சேர்ப்பதற்கு வழியாகவே நம் அறநூல்கள் ஆகாரம், அபயம், ஔஷதம், சாத்திரம் என நால்வகைத் தானங்களை வகுத்துள்ளன. அவற்றுள் உணவு ஒன்று மட்டுமே. ஏனைய மூன்றும் இன்றி நம் பொங்கல் எவ்வாறு நிறைவுறும்?

அபயதானம் போகியன்றே தொடங்கலாம். பழம் பொருள்களைக் குவித்துத் தீயிடும்போது அவற்றினுள் ஒடுங்கியிருக்கும் சிற்றுயிர்கள் மடிகின்றன. தீயைத் தவிர்த்து, பயன்படும் பொருள்களை வேண்டுவோருக்கு அளிக்கலாம். மாட்டுப் பொங்கலன்று கொம்பிற்கு வண்ணம் தீட்டுவதோடு நில்லாமல், பால் வற்றிய பசுவை விற்காமல் காக்கும் ஓர் உழவருக்குத் தீவனம் வாங்கித் தரலாம். நம் மாவட்டத்துக்குரிய ஆலம்பாடி மாடுகள் அருகிவரும் இக்காலத்தில் இது பேருதவியாகும்.

சாத்திரதானத்திற்கு உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றில் கூறும் ஒரு நிகழ்ச்சியே சான்று. கும்பகோணத்தில் ஒரு சமணர் இல்லம் தோரணங்களால் பொலிவதைக் கண்டு அவர் காரணம் வினவினார். பல மாதங்களாகப் படித்துவந்த சீவக சிந்தாமணி நிறைவுற்றதைக் கொண்டாடுவதாக அவ்வீட்டார் கூறினர். ஒரு நூலைப் படித்து முடித்ததையே திருவிழாவாகக் கொண்டாடிய குடும்பங்கள் நம்முடையவை. பொங்கல் நாள்களில் நாள்தோறும் அரைமணி நேரம் ஸ்ரீபுராணம் படித்தால் குழந்தைகள் கேட்பார்கள்.

இனி என் பெயர்த்தியின் வினாவிற்கு வருகிறேன். காணும் பொங்கலன்று அவளை எங்கள் பழைய ஊருக்கு அழைத்துச் சென்றேன். எங்கள் நிலத்தை நாற்பது ஆண்டுகள் உழுத பெரியவர் வீட்டு வாயிலில் நின்றோம். கண்புரையால் பார்வை மங்கியிருந்த அவர் என் குரலைக் கொண்டே என்னை அறிந்தார். நிலத்தை விற்றபோது அவரிடம் நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "விற்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் அவர் கூறினார். கைகூப்பி மன்னிப்பு வேண்டினேன். அவருடைய பேரன் வீட்டுத் தோட்டத்திலிருந்து பூசணிக்காய் ஒன்றைப் பறித்துக் குழந்தையின் கையில் கொடுத்தான். பின்னர் அவருடைய கண் அறுவை மருத்துவத்திற்கு என் மகன் உடன் சென்றான். இதைப் பெருமைக்காகக் கூறவில்லை. இது இருபது ஆண்டுகள் தாமதமாகச் செலுத்திய கடன்.

திரும்பும் வழியில் பேருந்தில், "இவருக்குத்தானே தாத்தா நாம் நன்றி சொல்ல வேண்டும்?" என்றாள் அவள். ஆம் என்றேன்.

அன்பர்களே, உங்கள் ஒவ்வொருவர் இல்லத்திற்கும் இத்தகைய ஒரு வாயில் எங்கோ இருக்கும். உழுதவராக, கற்பித்தவராக, நோயில் உதவியவராக அவர் இருக்கலாம். அடுத்த பொங்கலுக்குள் குழந்தைகளின் கைபற்றி அவ்வாயிலுக்குச் சென்று வருமாறு வேண்டி, என் உரையை நிறைவு செய்கிறேன்.