தோள் இறுகினாலும் இன்சுலின் நிற்கக்கூடாது



கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் வருகிறவர், மேல்கம்பியைப் பிடிக்கக் கை தூக்க முடியவில்லை என்று சொன்னால், "சர்க்கரை உண்டா?" என்றே முதலில் கேட்கிறோம். சிறுவயது முதல் இன்சுலின் போட்டு வாழும் முதல்வகை நீரிழிவுக்காரருக்கு, ஆண்டுகள் ஏற ஏறத் தோள் இறுக்கம் அதிகமாய் வருகிறது. மிகுந்த சர்க்கரை மூட்டு உறையின் கொலாஜன் இழைகளில் ஒட்டி அவற்றை விறைக்கச் செய்வது ஒரு காரணம்.

"கையில் ஊசி போட்டதால்தான் தோள் பிடித்துக்கொண்டது" என்று சிலர் இன்சுலினையே நிறுத்திவிடுகிறார்கள். இதுவே எங்கள் பெரிய கவலை. 1922-இல் டொரன்டோவில் முதன்முதல் இன்சுலின் கொடுக்கப்படும்வரை, இந்நோய் கண்ட பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்றும் அதை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து.

தோளோ, பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் தளரும். குனிந்து கையை ஊசல்போல் ஆட்டுவதும், விரல்களால் சுவரில் ஏறுவதும் அன்றாடப் பயிற்சி. ஸ்டீராய்டு ஊசி வலியைத் தணிக்கும். ஆனால் சில நாள் சர்க்கரையை ஏற்றும். அந்நாட்களில் அடிக்கடி பரிசோதிக்கவேண்டும்.

தோள் ஆற நாளாகும். அதுவரை ஏழை நோயாளிக்கு இன்சுலினும் பரிசோதனையும் தடையின்றிக் கிடைக்க உங்கள் கை நீளட்டும்.