பள்ளியிற் பிரிவுபசாரம்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிகளில் மேல்வகுப்பினர்க்குக் கீழ்வகுப்பினர் நடத்தும் பிரிவுபசாரத்தைக் குறித்துச் சில சொல்லுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தார்கள். சிறு பொருளென்றே எண்ணி இசைந்தோம். எண்ணிப் பார்க்கப் பார்க்க அது சிறிதாகத் தோன்றவில்லை.

உடன் பயில்வாரால் வருங் கல்வியை நம் முன்னோர் இலேசாகக் கருதினாரல்லர். ஆசிரியன் உரைத்ததை முற்றக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கைவருவது காற்பங்கே. உடன் கற்பாரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு. தான் பிறர்க்கு எடுத்துரைக்குங்கால் எஞ்சிய அரைப்பங்கு. இது நன்னூலார் இட்ட கணக்கு. திண்ணைப் பள்ளியில் மூத்த மாணாக்கனாகிய சட்டாம்பிள்ளை இளையோர்க்கு மணலில் எழுத்துப் பழக்குவான். பாடம் ஒப்புவிக்கக் கேட்பான். (பிரம்பும் பல வேளை அவன் கையிலேதான் இருந்தது; அதை மறைப்பானேன்?) சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் பள்ளியை மேற்பார்த்து வந்த ஆண்டுரு பெல் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கர்க்குக் கற்பிக்குமோர் ஏற்பாட்டைச் செய்து, 1797இல் அதனை இலண்டனில் நூலாக வெளியிட்டார். சென்னை முறை என்னும் பெயராலேயே அஃது இங்கிலாந்திற் பரவிற்று.

பதினோராம் வகுப்போடு பள்ளி முடிந்த காலத்தில் பத்தாம் வகுப்பார் உபசரித்தனர். 1978இல் மேல்நிலை வகுப்புகள் வந்த பின், பதினோராம் வகுப்பார் பன்னிரண்டாம் வகுப்பார்க்கு அதனைச் செய்யலாயினர். 2018 முதற்கொண்டு பதினோராம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைத்தபோது, உபசரிப்போர்க்கும் தேர்வுக் கவலை வந்து சேர்ந்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அத்தேர்வை எடுத்துவிட்டது. பிள்ளைகள் மறுபடியும் நிதானமாகத் தோரணங் கட்டலாம்.

இவ்விழாவின் உறுப்புக்களை நீவிர் அறிவீர். இனிப்பு, காரம், தேநீர், சேர்ந்து எடுக்கும் நிழற்படம், கையெழுத்துப் புத்தகம், மூத்தவர் ஏற்றிய மெழுகுவத்தியை இளையவர் வாங்கிக் கொள்ளுதல். பெண்பிள்ளைகள் அன்று புடைவை உடுத்து வருவர். தாயின் புடைவையே அவர்க்கு அழகு, புதிது வாங்கப் போட்டியிட வேண்டா. இறுதித் தேர்வு நாளன்று ஒருவர்மேல் ஒருவர் மை தெளிக்கும் வழக்கம் மட்டும் எமக்கு உடன்பாடன்று. அச்சட்டை அடுத்த ஆண்டு தம்பிக்கு ஆகுமே!

இவற்றுள் யாம் பெரிதும் மதிப்பது மேடையில் நிகழ்வதன்று. தேநீர் முடிந்தபின், மூத்தோர் தம் பாடக் குறிப்புக்களையும் சோதனைக்கூட ஏடுகளையும் இளையோரிடம் ஒப்படைத்து, எந்தக் கணக்கில் வழுக்கும், எந்தக் கல்லூரிக்கு எப்போது விண்ணப்பம் அனுப்ப வேண்டும் என்று சொல்லிக் கொண்டிருக்கும் அந்த அரைமணி நேரமே விழாவின் உயிர். கல்லூரி மிதியாத வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு அதனைச் சொல்வார் வேறு யாவர்?

இனி எம் பிழை ஒன்றைச் சொல்லுதும். சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பார் தலைக்கு முந்நூறு ரூபாய் என்று விதித்து, கொடாதவர் பெயரைக் கரும்பலகையில் எழுதி வைத்தனர். யாம் கண்டும் வாளாவிருந்தோம். அப்பெயர்களுள் ஒருவன் நான்கு நாள் வரவில்லை. காய்ச்சலென்று நினைத்து அவன் வீடு சென்றோம். தாயார், "அவன் சூளைக்குக் கல் சுமக்கப் போயிருக்கிறான், ஐயா, பள்ளிக்கூடத்தில் பணம் கட்டவேண்டுமாமே" என்றார். யாம் நின்ற நிலையைச் சொல்லி முடியாது. மறுநாள் பலகையை யாமே துடைத்தோம். அன்று முதல் ஒரு மூடிய உண்டியல்; இட்டவர் இடலாம்; பெயரில்லை, கணக்கில்லை. விருந்து வடையும் தேநீருமாகச் சுருங்கிற்று. ஒருவரும் குறை சொல்லவில்லை.

நம் சங்கத்தார் இவ்வாண்டு நம் குலப் பிள்ளைகட்கென இம்மண்டபத்திலேயே தனியே பிரிவுபசாரம் நடத்தத் தொகை ஒதுக்கியிருப்பதாக அறிகிறோம். அன்பினால் எழுந்த எண்ணமே. ஆயினும், எம்மையும் உங்களுள் ஒருவனாகக் கருதி இதனைப் பொறுத்தருள்க: அது வேண்டா. மூத்தவன் இளையவன் கையில் வண்ணக் கயிறு கட்டிக் குலங் காட்டுவதையும் யாம் பள்ளியிற் கண்டிருக்கிறோம். அதுவும் மேல்வகுப்பு கீழ்வகுப்புக்குக் கொடுக்கும் கொடைதான்! 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணாக்கனும் அவன் தங்கையும் தம் வீட்டினுள்ளேயே, அவன் பள்ளி மாணவராலேயே வெட்டுண்டனர். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், அத்தகைய கயிறுகளைப் பள்ளியில் தடுக்கவேண்டுமென்று சொல்லியிருக்கிறது. பள்ளி விழாவிலிருந்து நம் பிள்ளைகளை மட்டும் பிரித்தழைத்து விருந்திடின், கயிறு கட்டாமலே கட்டியவராவோம்.

பரிசளிப்பும் உபகாரச் சம்பளமும் இம்மண்டபத்தில் நடக்கட்டும். அவற்றை யாம் மறுக்கவில்லை. ஒதுக்கிய தொகையை மட்டும் சங்கத்தின் பெயர் குறியாமல் அப்பள்ளி உண்டியலிற் சேர்ப்பியுங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரு பந்தியில் உண்ணட்டும். விழா மாசி முதல் வாரத்தில். இன்னும் ஐந்து வாரமே இருத்தலின், அதற்குள் நிருவாகக் குழு கூடி முடிவு செய்யுமாறு கேட்டு அமர்கிறோம்.