கராஜுக்கு எந்த ஹீட்டர்?

டொராண்டோ பக்கம் குளிர் ஏறினாலே வர்ற கேள்வி இது: கராஜுக்கு எந்த ஹீட்டர் வாங்கலாம்?

வெளியே மைனஸ் 15. உள்ளே நீங்க ஜிம் போட்டாலும் சரி, மரவேலை பார்த்தாலும் சரி, முதல்ல கதவைப் பாருங்க. அடியில இடுக்கு, இன்சுலேஷன் இல்லாத சுவர்னா, எந்த ஹீட்டரும் தெருவைத்தான் சூடாக்கும். அதனால முதல் செலவு அங்கேதான்.

அடுத்து பவர். சாதாரண 120 வோல்ட் பிளக்ல போடுற ஹீட்டர் பொதுவா 1500 வாட்தான். அந்தக் குளிருக்கு அது பத்தாது. 240 வோல்ட், 5000 வாட் ஹீட்டர் ஓரளவு தாங்கும். ஆனா தனி லைன் இழுக்கணும், எலக்ட்ரீஷியன் வரணும். எப்பவாவது ஒரு மணி நேரம்தான் நிப்பீங்களா? இன்ஃப்ராரெட் போதும். அது காத்தைவிட நேரா உங்களைத்தான் சூடாக்கும். தினமும் மணிக்கணக்கா இருக்கிறவங்க ஹீட் பம்ப் யோசிக்கலாம். வாங்கும்போது விலை கூட, கரண்ட் பில் கம்மி.

ஒண்ணே ஒண்ணு மட்டும் வேண்டாம். விலை கம்மின்னு, புகைக்குழாய் இல்லாத புரொப்பேன் ஹீட்டரை மூடின கராஜ்ல எரிய விடாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தலைவலி, மயக்கம்னு ஆரம்பிச்சு உயிரையே எடுத்துடும். கராஜை ஒட்டின ரூம்ல தூங்குறவங்களுக்கும் அதே ஆபத்துதான்.

கேஸ் ஹீட்டர்தான் வேணும்னா, புகை வெளியே போற மாதிரி லைசென்ஸ் உள்ளவர் வந்து மாட்டட்டும். கூடவே வீட்டுக்குள்ள ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம். ஹீட்டருக்கு முன்னாடியே அதை வாங்கிடுங்க.