வெண்கச்சையோடு களம் இறங்குதல்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுதற்கு என்னினும் தகுதி வாய்ந்தோர் இம்மேடையில் பலர் உளர். என்னை விளையாட்டைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தார். பிரேசில் நாட்டு ஜியு-ஜிட்சு என்னும் மற்போர்க் கலையையும், அதில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் முதன்முதலாகப் போட்டிக்குச் செல்வதையும் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னதும் அவர் சற்றே திகைத்தார். முப்பது ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்றவனுக்கும் இக்கலைக்கும் என்ன உறவு என்று நீங்களும் கேட்கலாம். உறவு என் தங்கை மகன் வழியாக வந்தது.

அவன் சென்னையில் பணிபுரிகிறான். மாலை வேளைகளில் இக்கலையைப் பயின்றுவந்தான். எட்டு மாதப் பயிற்சிக்குப் பிறகு ஒரு போட்டிக்குப் பெயர் கொடுத்தான். நானும் உடன் சென்றிருந்தேன். முதல் ஆட்டத்திலேயே ஐம்பது வினாடிக்குள் கழுத்து நெரிபட்டுத் தோற்றான். தோற்றதைக் காட்டிலும் அதன்பின் அவன் சொன்ன சொல்லே என்னைத் தைத்தது. “மாமா, நான் தோற்றேன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ‘இவர்களுக்கு எதற்கு இதெல்லாம்’ என்றுதான் சொல்வார்கள்” என்றான். அன்றிரவு அவன் உண்ணவில்லை. எனக்கும் விடை சொல்லத் தெரியவில்லை. அதன்பின் இக்கலையின் வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அங்ஙனம் படித்ததையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

இக்கலையின் தாய்வீடு ஜப்பான். 1882ஆம் ஆண்டில் ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ தொழிலால் ஓர் ஆசிரியர். டோக்கியோவில் உயர்நிலை ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் தலைவராக இருந்தவர். இளமையில் உருவத்தால் சிறியவர். வலிய மாணவர்களால் துன்புறுத்தப்பட்டவர். (ஒரு தலைமை ஆசிரியர் இதனைச் சொல்லும்போது சிறிது பெருமை கலந்திருப்பின் பொறுத்தருள்க.) அவருடைய பள்ளியில் பயின்ற மிட்சுயோ மயேடா என்பவர் பல நாடுகளில் மற்போர் புரிந்து, 1914இல் பிரேசிலை அடைந்து, பின்னர் பெலேம் நகரில் தங்கினார். அவ்வழியாகக் கலையைக் கற்ற கார்லோஸ் கிரேசியும் அவர் தம்பி எலியோவும் ரியோ டி ஜெனிரோவில் அதனை வளர்த்தனர். எலியோ மெலிந்த உடலினர். வலிமை குறைந்தவன் கீழே கிடந்தபடியே வலிமை மிக்கவனை நெம்புகோல் முறையால் அடக்கலாம் என்பதே அவர்கள் வளர்த்த முறையின் உயிர்நாடி.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். எளியவன் வலியவனை வெல்லும் கலை என்று போற்றப்பட்ட அதனைக் கற்றவர்கள் பெரும்பாலும் எளியவர்கள் அல்லர். நகரின் நடுவில் இருந்த அக்குடும்பத்தின் பயிற்சிக்கூடத்திற்கு வசதி படைத்தோரே செல்ல முடிந்தது. பிரேசில் 1888இல்தான் அடிமை முறையை ஒழித்த நாடு. அமெரிக்கக் கண்டங்களில் இறுதியாக ஒழித்த நாடும் அதுவே. விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்கள் குன்றுகளின் சரிவிலும் நகரின் புறத்திலும் வாழ்ந்தனர். கலையோ கீழே கடற்கரைப் பகுதியில் இருந்தது.

இங்கேதான் ஓஸ்வால்டோ ஃபாடா என்பவரின் பெயரை நீங்கள் நினைவிற் கொள்ள வேண்டுகிறேன். 1921இல் பிறந்தவர். கிரேசி குடும்பத்தைச் சாராத லூயிஸ் பிரான்சா என்பவரிடம் கற்றவர். ரியோவின் புறநகராகிய பென்டோ ரிபெய்ரோவில், பணம் இல்லாதவர்க்கும் கற்றுக்கொடுத்தார். பூங்காக்களிலும் கடற்கரையிலும் பயிற்சி நடத்தினார். 1950களின் நடுவில் கிரேசி கூடத்தினரைப் போட்டிக்கு அழைத்தார். அவருடைய மாணவர்கள் கால்பூட்டு என்னும் பிடியில் தேர்ந்தவர்கள். கணுக்காலைக் கக்கத்தில் இறுக்கி வருத்தும் அப்பிடியை எதிர்தரப்பினர் பயின்றிருக்கவில்லை. புறநகர் மாணவர்கள் வென்றார்கள். வென்றபின் என்ன ஆயிற்று? அப்பிடி ‘புறநகர்க்காரன் வித்தை’ என்று இகழப்பட்டது! வென்றால் வித்தை இழிந்தது, தோற்றால் ஆள் இழிந்தவன். இந்தத் தராசு எத்தகையது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இன்றோ அந்தக் கால்பூட்டு, வெண்கச்சை கட்டிய புதியவனுக்கும் பன்னாட்டு விதிகளால் அனுமதிக்கப்பட்ட பிடி.

என் வாழ்வில் நிகழ்ந்த ஒன்றையும் இவ்விடத்தில் சொல்லிவிடுகிறேன். 1983இல் நான் ஒன்பதாம் வகுப்பு மாணவன். பள்ளிகளுக்கிடையே சடுகுடுப் போட்டி. நான் பாடிச் சென்றேன். எதிரணியினர் எழுவரும் விலகி விலகி நின்றனர். எவனும் என்னைப் பிடிக்க வரவில்லை. நான் தொட்டுவிட்டுத் திரும்பினேன். மறுபடியும் அவ்வாறே. புள்ளிகள் குவிந்தன. முதலில் என் விரைவைக் கண்டு அஞ்சினார்கள் என்றே மகிழ்ந்தேன். மூன்றாம் முறைதான் புரிந்தது. என்னைத் தொட்டுப் பிடிப்பதைக் காட்டிலும் தோற்பதே மேல் என்று அவர்கள் கருதினார்கள். அவ்வெற்றியைப் போன்ற கசப்பை நான் எந்தத் தோல்வியிலும் கண்டதில்லை.

ஆதலால்தான் என் மருமகன் தோற்ற ஆட்டத்தை நான் வேறு கண்ணால் பார்த்தேன். எதிராளி அவன் கழுத்துப்பட்டையைப் பற்றினான். மார்போடு மார்பு அழுத்தினான். இருவர் வியர்வையும் ஒன்றாயிற்று. முடிந்ததும் கைகுலுக்கித் தோளைத் தழுவினான். அவனை வெல்ல வேண்டுமானால் தொட்டே ஆகவேண்டும்; விலகி நின்று வெல்ல வழியில்லை. இதனைச் சொன்னபோது என் மருமகன் நெடுநேரம் பேசாதிருந்தான்.

இனி, போட்டிக்குச் செல்ல விரும்பும் இளைஞர்க்குச் சில செய்திகள். கச்சைகள் வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என வளரும். வெண்கச்சையினர் வெண்கச்சையினரோடும், ஒத்த வயதினரோடும், ஒத்த எடையினரோடுமே மோதுவர். பெரியவர்களுக்கான வெண்கச்சை ஆட்டம் 5 நிமிடம். நின்ற நிலையிலிருந்து வீழ்த்தினால் 2 புள்ளி. கீழே கிடந்தவன் புரட்டி மேலே வந்தால் 2. வயிற்றின்மேல் முழங்காலை ஊன்றினால் 2. எதிராளியின் கால்களின் தடையைக் கடந்து அடக்கினால் 3. மார்பின்மேல் ஏறி அமர்ந்தாலும் முதுகைக் கைப்பற்றினாலும் 4. அந்நிலையை 3 வினாடி காத்தால்தான் புள்ளி உண்டு. புள்ளி எத்தனை இருப்பினும், எதிராளி கையால் தட்டிப் பணிந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. குதிகாலைத் திருகி முழங்காலை முறிக்கும் பிடியும், மணிக்கட்டுப் பூட்டும் புதியவர்க்கு விலக்கு. எதிராளி நின்றுகொண்டிருக்கையில் அவன் இடுப்பின்மேல் பாய்ந்து கால்களைப் பின்னுவதும் விலக்கு. இவ்விதிகளை அறியாமல் சென்று, ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டுத் திரும்பியோர் உண்டு.

புதியவன் தோற்பது பெரும்பாலும் வித்தைக் குறைவால் அன்று. களத்தில் இறங்கியதும் நெஞ்சு படபடக்கிறது, மூச்சை அடக்கிக்கொள்கிறான், எதிராளியின் சட்டையை உயிரைப் பற்றுவதுபோல் பற்றுகிறான். ஒரு நிமிடத்தில் முன்கைகள் மரக்கட்டையாகிவிடுகின்றன. பயிற்சியில் கற்ற நாற்பது பிடிகளில் ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. தேர்வு அறையில் வினாத்தாளைக் கண்டதும் எல்லாம் மறந்துபோகும் மாணவனை நான் ஆண்டுதோறும் காண்கிறேன், அதே நோய்தான். ஆகவே வீழ்த்துவதற்கு ஒன்று, கடப்பதற்கு ஒன்று, முடிப்பதற்கு ஒன்று என மூன்றை மட்டும் நூறு நூறு முறை பழகிச் செல்லுங்கள். களம் இறங்குமுன் வியர்க்கும் அளவு உடலைச் சூடேற்றுங்கள். நகங்களை வெட்டுங்கள். மூச்சை விடுங்கள்.

பூட்டு விழுந்துவிட்டதென்று தெரிந்தால் உடனே தட்டிவிடுங்கள். இதில் மானக்கேடு ஏதுமில்லை. 1951இல் ரியோவின் மரகானா அரங்கில், பெருங்கூட்டத்தின்முன், ஜப்பானிய வீரர் மசாகிகோ கிமுரா எலியோ கிரேசியின் கையைப் பூட்டினார். எலும்பு முறிந்தும் எலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ் துண்டை வீசி ஆட்டத்தை நிறுத்தினார். அவர் நெஞ்சுரத்தைப் பலர் புகழ்வர். நான் அதனைப் புதியவர்க்குப் பரிந்துரைக்கமாட்டேன். திங்கட்கிழமை வேலைக்குச் செல்லவேண்டிய கை அது. ஆனால் அதன்பின் பிரேசிலியர் செய்த செயலை வியக்கிறேன். தங்கள் வீரரை வென்ற அப்பிடிக்கு வென்றவர் பெயரையே சூட்டினார்கள். இன்று உலகெங்கும் அதன் பெயர் ‘கிமுரா’. தோற்ற இடத்தைத் துடைத்து மறைக்காமல், அதற்கொரு பெயரிட்டுப் பாடமாக்கிக்கொண்டார்கள்.

ரியோவில் செல்வர் வாழும் இபனேமாவுக்கு மேலே கன்டகாலோ என்னும் குன்றுக் குடியிருப்பு உள்ளது. அங்கு வளர்ந்த ஃபெர்னாண்டோ டெரெரே உலக வாகையர் ஆனார். நடுவில் போதைப் பழக்கத்தால் வீழ்ந்தார். மீண்டு வந்து அதே குன்றின் சிறுவர்க்குக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மாணவர்களிடையேயும் உலக வாகையர் தோன்றியுள்ளனர்.

என் மருமகன் ஓராண்டுக்குப் பின் மறுபடியும் போட்டியிட்டான். முதல் ஆட்டத்தில் வென்றான். இரண்டாம் ஆட்டத்தில் புள்ளியால் தோற்றான். அன்று இரவு இரண்டு பேர் உணவை ஒருவனாக உண்டான். அடுத்த போட்டிக்கும் 64 கிலோ பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறான். ஆட்டத்திற்குச் சற்று முன்னர், போட்டி உடையோடுதான் நிறுத்துப் பார்ப்பார்களாம். அந்தத் தடித்த உடையே ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. இக்கணக்கை அவன் இப்போதுதான் கண்டுபிடித்து, சென்ற வாரம் முதல் என் தங்கை வைக்கும் இரண்டாவது தோசையை வேண்டாம் என்கிறானாம்.