சிட்னி ஆஃபர்: 67 லட்சத்துல கைக்கு எவ்வளவுங்க நிக்கும்?

துடியலூர்ல இருந்து பேசறேன். சரவணம்பட்டி ஐடி கம்பெனிகள்ல வேலை பார்க்கிற நேயர்கள் அடிக்கடி கேக்கற கேள்வி: "சிட்னி ஆஃபர் வந்திருக்கு, இந்தச் சம்பளம் போதுமா?" இன்னைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்துடலாம்.

பேக்கேஜ் 1,12,000 டாலர்னு வெச்சுக்கங்க. டாலருக்கு 60 ரூபாய்னு பெருக்கினா 67 லட்சம். உடனே ஸ்வீட் பாக்ஸ் வாங்கிடாதீங்க. ஹெச்ஆர்கிட்ட முதல்ல கேளுங்க: "இதுல சூப்பரும் சேர்த்தியா?" சூப்பரானுவேஷன், நம்ம பிஎஃப் மாதிரி. 2025 ஜூலையில இருந்து 12 சதவீதம். அது சேர்த்தின்னா உங்க சம்பளம் 1,00,000 தான். 2025-26 விகிதப்படி அதுக்கு வருமான வரி 20,788. ஆக, மாசம் கைக்கு வர்றது சுமார் 6,600 டாலர்.

அடுத்தது வாடகை. தமிழ் ஆளுங்க நிறைய இருக்கற வென்ட்வொர்த்வில், பெண்டில் ஹில் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு வாரம் 700 டாலர்னு எடுத்துக்குவோம். அங்க வாடகை வாரக் கணக்கு. நாலால பெருக்கி மாசம் 2,800னு பலபேர் எழுதிடறாங்க. வருஷத்துக்கு 52 வாரம்ங்க! 52ஆல பெருக்கி 12ஆல வகுத்தா 3,033. அட்வான்ஸ் நாலு வார வாடகைக்கு மேல கேக்கக் கூடாது. அந்தப் பணமும் வீட்டுக்காரர் கையில இருக்காது, அரசாங்கத்துகிட்ட இருக்கும். ஆனா வீடு பெரும்பாலும் காலியாத்தான் வரும். ஃபிரிட்ஜ்ல இருந்து கட்டில் வரை நீங்கதான் வாங்கணும்.

மிச்சம் சுமார் 3,560. இதுலதான் மளிகை, கரண்ட், போக்குவரத்து எல்லாம். வேலை விசாவுல போற இந்தியர்களுக்கு மெடிகேர் கிடையாது, இன்ஷூரன்ஸும் சொந்தமா எடுக்கணும்.

சின்னக் குழந்தை இருந்தா கணக்கே மாறிடும். இங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போனா அம்மிச்சி குழந்தையைப் பாத்துக்குவாங்க. அதுக்கு நம்ம கணக்குல விலையே கிடையாது. சிட்னியில டேகேர் ஒரு நாளைக்கு 100 டாலரைத் தாண்டறது சகஜம். தற்காலிக வேலை விசாவுக்கு அரசு மானியமும் இல்லை. வாரம் அஞ்சு நாள், நாளுக்கு 100னு போட்டாலே மாசம் 2,167. மிச்சம் 1,400க்குக் கீழ வந்துடும். டேகேர் வேண்டாம்னா ஒருத்தர் வேலையை விடணும். அப்ப இங்க வந்துட்டு இருந்த அவங்க சம்பளமும் நின்னு போயிடும்.

என் கருத்து இதுதான். தனி ஆள், வீட்டை ஷேர் பண்ணிக்கறீங்கன்னா இந்தச் சம்பளத்துல நல்லாவே சேர்க்கலாம். குழந்தையும் கோயமுத்தூர்ல வீட்டுக் கடன் இஎம்ஐயும் இருந்தா, கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடியே மூணு விஷயம் கேளுங்க: சூப்பர் நீங்கலா சம்பளம், குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸ், முதல் மாசம் தங்க இடம். போய் இறங்குன பிறகு கேட்டா கிடைக்கறது கஷ்டம்ங்க.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம், வரட்டுங்களா!