தொட முடியாத கருவிக்கு எழுதுகிறவர்கள்



விண்வெளித் துறை என்றால் ராக்கெட்டும் விண்வெளி வீரர்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். விண்கலத்தில் உள்ள அறிவியல் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்களும் உண்டு. இன்று அவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

காந்தப்புலத்தை அளக்கும் கருவியும், மின்னேற்றத் துகள்களை எண்ணும் கருவியும் தருவது வெறும் எண்களை. அவற்றை முறைப்படி அடுக்கிப் பூமிக்கு அனுப்பத் தயார் செய்வது மென்பொருள். 1977-இல் நாசா ஏவிய வாயேஜர் 1 விண்கலத்தில் இதற்கென்றே ஒரு கணினி இருக்கிறது. 2023 நவம்பரில் அந்தக் கணினியில் கோளாறு ஏற்பட்டது. சமிக்ஞை வந்தது, ஆனால் அதைப் படித்துப் பொருள் கொள்ள முடியவில்லை.

விண்கலம் இருந்ததோ 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். ஒரு கட்டளை போய்ச் சேர இருபத்திரண்டரை மணி நேரம். பதில் திரும்பி வர இன்னும் அவ்வளவு நேரம். பொறியாளர்கள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய ஆவணங்களை எடுத்துப் படித்தார்கள். 2024 மார்ச்சில் கணினியின் நினைவகத்தில் இருந்தது முழுவதும் பூமிக்கு வந்தது. கோளாறுக்கு முன் கிடைத்த பிரதியோடு அதை ஒப்பிட்டார்கள். நினைவகத்தின் ஒரு சில்லு செயலிழந்திருந்தது.

அதில் இருந்த நிரலை அப்படியே தூக்கி வைக்க வேறெங்கும் போதிய இடமில்லை. எனவே அதைத் துண்டுகளாக்கி, கிடைத்த இடங்களில் பிரித்து வைத்தார்கள்; துண்டுகள் ஒன்றையொன்று கண்டடைவதற்கான முகவரிகளையும் திருத்தினார்கள். ஏப்ரல் 18-இல் முதல் திருத்தம் புறப்பட்டது. 20-ஆம் தேதி, தன் நிலையைத் தெரிவிக்கும் தெளிவான தகவலை விண்கலம் அனுப்பியது. ஜூனுக்குள், அப்போது இயங்கிவந்த நான்கு கருவிகளும் அறிவியல் தகவல்களை அனுப்பத் தொடங்கின.

இந்த வெற்றியில் 1970-களின் பொறியாளர்களுக்கும் பெரும் பங்குண்டு. ஏவிய பிறகும் மாற்றி எழுதக்கூடிய கணினியை அவர்கள் அமைத்தார்கள். செய்ததை எழுதியும் வைத்தார்கள். 1986-இல் யுரேனஸைக் கடந்த இணை விண்கலமான வாயேஜர் 2-க்கும், படங்களைச் சுருக்கி அனுப்பும் மென்பொருள் பயணத்தின் நடுவில்தான் ஏற்றப்பட்டது.

இந்தத் துறைக்கு வர விரும்பும் இளைஞர்களே, நிரல்மொழி மட்டும் போதாது. கருவி எதை, எப்படி அளக்கிறது என்ற இயற்பியலையும் படியுங்கள். எழுதும் ஒவ்வொரு வரிக்கும் காரணத்தைக் குறித்து வையுங்கள். நீங்கள் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கருவியைக் காப்பாற்றப் போகிறவர்களுக்கு உங்கள் குறிப்புதான் வழிகாட்டி. அவர்களையும் எண்ணி எழுதுவதே இந்தத் தொழிலின் அறம்.